சென்னைல இருக்குற பழைய காலேஜுங்க எல்லாம் யாருக்காக ஆரம்பிச்சாங்க?

சென்னைல பழைய காலேஜ்ல படிச்ச ரெண்டு பேர் ஒரே டேபிள்ல உக்காந்துட்டா போதும், எங்களுது தான் பழசுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. கிண்டிக்காரங்க 1794ன்னு சொல்வாங்க, மெடிக்கல் காலேஜ் ஆளு 1835ன்னு குறுக்க வருவாரு, கிறிஸ்டியன் காலேஜ்காரங்க 1837ன்னு சொல்வாங்க, பிரசிடென்சிக்காரங்க மட்டும் நாங்க 1840 தான், ஆனா மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கே நாங்க தான் தாய்னு ஒரே போடா போட்டுடுவாங்க. எனக்கு இந்த சண்டையில பெரிய ஆர்வம் கெடையாது. ஏன்னா இந்த வருஷம் எல்லாம் ஏதோ ஒரு ஸ்கூலோ பயிற்சி வகுப்போ ஆரம்பிச்ச வருஷம், இன்னிக்கு நாம சொல்ற அர்த்தத்துல காலேஜா ஆனது எல்லாமே பின்னாடி தான்.

அதவிட எனக்கு பிடிச்ச கேள்வி, இத எல்லாம் யாரு எதுக்காக ஆரம்பிச்சாங்க, கடைசில உள்ள வந்து உக்காந்தது யாருங்கறது தான். ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல ரெண்டு விதமா ஃபார்வர்ட் வரும் பாருங்க, வெள்ளைக்காரன் தான் நமக்கு படிப்பு குடுத்தான்னு ஒன்னு, வெள்ளைக்காரன் தான் நம்ம படிப்ப கெடுத்தான்னு இன்னொன்னு. சென்னை காலேஜுங்க கதைய கொஞ்சம் தோண்டிப் படிச்சீங்கன்னா ரெண்டுமே சரியா பொருந்தாது. அவங்களுக்கு ஆள் தேவைப்பட்டுச்சு, அதுக்கு தான் முதல்ல ஆரம்பிச்சாங்க. நம்ம ஆளுங்க அத பிடிச்சு இழுத்து வேற ஒன்னா மாத்திட்டாங்க. இழுத்தவங்களும் எல்லாருக்காகவும் இழுக்கல, தன் கூட்டம் உள்ள போன ஒடனே கதவ சாத்தப் பாத்தவங்களும் உண்டு.

கிண்டியில இருந்தே ஆரம்பிக்கலாம். 1794ல கோட்டைக்குள்ள மைக்கேல் டாப்பிங்னு ஒரு சர்வேயர் சின்னதா ஒரு சர்வே ஸ்கூல் ஆரம்பிச்சாரு. மொத்தம் 8 பசங்க. பெரும்பாலும் அனாதை விடுதில வளர்ந்த பசங்க, அப்பா ஐரோப்பியர் அம்மா இங்கத்தவங்கன்னு இருந்தவங்க. ஏன் இந்தப் பசங்கன்னா, கம்பெனி புதுசு புதுசா ஊருங்கள பிடிச்சிட்டே போகுது, நிலத்த அளக்கணும், ஏரி வாய்க்கால அளக்கணும், அளந்தா தான வரி போட முடியும், அதுக்கு லண்டன்லருந்து சர்வேயர கூட்டிட்டு வந்தா சம்பளம் கட்டுப்படியாகாது. உள்ளூர்ல சின்ன வயசுலயே பசங்கள எடுத்து கத்துக்குடுத்தா செலவு கம்மி. அவ்ளோ தான் விஷயம். டாப்பிங் 1796லயே இறந்துட்டாரு, அதுக்கப்புறம் பாத்துக்கிட்டது ஜான் கோல்டிங்காம், நம்ம ராஜாஜி ஹால கட்டினாரே அதே மனுஷன் தான். இந்தப் பள்ளிக்கூடத்துல பழகின பசங்க தான் பின்னாடி பெரிய பெரிய சர்வேல எல்லாம் வெயில்ல நின்னு சங்கிலி போட்டு அளந்தாங்க, பேரு மட்டும் சர்வேக்கு தலைமை தாங்கின மெக்கன்சிக்கும் லாம்டனுக்கும் போயிடுச்சு. 1859 வாக்குல அது சிவில் என்ஜினியரிங் காலேஜ் ஆகி, கிண்டிக்கு போனது 1920ல. ஐரோப்பாவுக்கு வெளிய பழைய என்ஜினியரிங் பள்ளிகள்ல ஒன்னுன்னு பெருமையா சொல்றோம், சொல்லலாம், தப்பில்ல, ஆனா அந்த 8 பசங்களுக்கு யாரும் டிகிரி எல்லாம் குடுக்கல.

அடுத்தது கொஞ்சம் தலைகீழ் கதை. நுங்கம்பாக்கத்துல காலேஜ் ரோடுன்னு ஒன்னு இருக்கு இல்லையா, எந்த காலேஜால அந்தப் பேருன்னு கேட்டா நெறைய பேர் டபிள்யூசிசி, அதாவது விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ்னு சொல்வாங்க. அது 1915ல வந்தது, பேரு அதவிட பழசு. 1812ல கோட்டை அரசு ஆரம்பிச்ச செயின்ட் ஜார்ஜ் கோட்டை காலேஜ் தான் அங்க இருந்துச்சு. அதுல மாணவர்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பசங்க, வாத்தியார்கள் நம்ம ஆளுங்க! இங்கிலாந்துலருந்து கலெக்டர் வேலைக்கு வந்து இறங்கற சின்னப் பசங்களுக்கு தமிழும் தெலுங்கும் கத்துக்குடுக்கற எடம் அது. இப்ப டிபிஐ வளாகம்னு சொல்றோமே, பள்ளிக்கல்வித்துறை ஆபீஸ், டீச்சர்ஸ் எல்லாம் போராட்டம்னா போய் உக்காருவாங்களே, அங்க தான். தாண்டவராய முதலியார் அங்க தமிழாசிரியர், பஞ்சதந்திரத்த 1826ல தமிழ் உரைநடைல கொண்டுவந்தவரு.

இத நடத்தினதுல முக்கியமானவரு எல்லிஸ்னு ஒரு கம்பெனி அதிகாரி. குறள் மேல பைத்தியமா இருந்த மனுஷன், ராயப்பேட்டைல ஒரு கிணறு வெட்டிட்டு கல்வெட்டுல "இருபுனலும் வாய்ந்த மலையும்" குறள பொறிச்சு வெச்சவரு. 1816ல கேம்பெல் போட்ட தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் ஒரு முன்குறிப்பு எழுதினாரு, தமிழ் தெலுங்கு கன்னடம் எல்லாம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்துலருந்து பொறந்தது இல்லன்னு அதுல வாதம் பண்ணாரு. திராவிட மொழிகள் பத்தின கால்டுவெல் புத்தகம் வர்றதுக்கு 40 வருஷம் முன்னாடி. ஆனா எனக்கு ஒன்னு தோணும், அந்த முடிவுக்கு எல்லிஸ் தனியா ஒக்காந்து யோசிச்சு வந்திருக்க முடியாது, அந்த காலேஜ்ல தமிழ்ப் புலவரும் தெலுங்குப் பண்டிதரும் ஒரே கூரைக்கு கீழ இருந்தாங்க, ரெண்டு மொழியோட வேர்ச்சொல்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறதுக்கு அந்த காலத்துல இப்படி ஒரு எடம் வேற எங்க கெடைக்கும் சொல்லுங்க. எல்லிஸ் 1819ல ராமநாதபுரத்துல இறந்துட்டாரு. காலேஜ் 1854ல மூடிட்டாங்க. ரோடு பேரு மட்டும் நிக்குது.

இந்த எடத்துல சின்னதா ஒரு சைடு ட்ராக். மெட்ராஸ் காசுல உருவான முதல் பெரிய காலேஜ் மெட்ராஸ்லயே இல்ல, அமெரிக்காவுல இருக்கு. எலிஹு யேல், 1687லருந்து 1692 வரைக்கும் நம்ம கோட்டைல கவர்னரா இருந்தவரு, சொந்த வியாபாரம் பண்ணி பணத்த குவிச்சு, ஊழல் புகார்ல பதவிய இழந்து ஊருக்கு போனவரு. அவர் காலத்துல கோட்டைலருந்து அடிமைகள கப்பல்ல ஏத்தி அனுப்பினதும் நடந்திருக்கு. அவரு 1718ல கனெக்டிகட்ல தள்ளாடிட்டு இருந்த ஒரு பள்ளிக்கு 9 பேல் சரக்கும் 417 புத்தகமும் அனுப்பினாரு, சரக்க வித்ததுல 562 பவுண்டு வந்துச்சு, அதுக்கு நன்றியா பள்ளிக்கு அவர் பேர வெச்சுட்டாங்க. அதான் யேல். அவரோட பையன் டேவிட் சின்னக் குழந்தையா இறந்து இங்க தான் பொதைஞ்சிருக்கான், ஹைகோர்ட் பக்கத்துல பழைய சட்டக் கல்லூரி வளாகத்துல அந்த சமாதி இருக்கு. லா ஸ்டூடண்ட்ஸ் தலைமுறை தலைமுறையா அத தாண்டி தான் கிளாசுக்கு போயிருக்காங்க.

சரி, இப்ப என்னோட ஃபேவரைட் பகுதிக்கு வர்றேன். 1830கள் கடைசி, 1840கள். எடம் பாரிஸ் கார்னர், அர்மேனியன் தெரு, பிராட்வே, அந்த எஸ்பிளனேடு வட்டாரம். இன்னிக்கு பேப்பர் கடையும் பாத்திரக் கடையும் பஸ்ஸுமா மூச்சு முட்டுற ஏரியா, அப்ப அது தான் படிப்புக்கான ஏரியா.

1837ல ஜான் ஆண்டர்சன்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் அர்மேனியன் தெருவுல ஒரு வாடகை வீட்டுல 59 பசங்களோட ஒரு இங்கிலீஷ் ஸ்கூல் ஆரம்பிக்கிறாரு, பின்னாடி கிறிஸ்டியன் காலேஜ் ஆனது இது தான். ஃபீஸ் பிரச்சினை பெருசா இல்ல, இங்கிலீஷ் நல்லா வரும், வேலை கெடைக்கும், ஆனா பைபிள் படிக்கணும். நம்ம ஆளுங்க கணக்கு போட்டு பாத்தாங்க, பைபிள் கிளாஸ்ல காத மூடிக்கலாம், இங்கிலீஷ் கிளாஸ்ல தொறந்துக்கலாம்னு அனுப்பிட்டாங்க. கொஞ்ச நாள்லயே ரெண்டு விஷயத்துல வெடிச்சுது. ஒன்னு, ஒடுக்கப்பட்ட சாதிப் பசங்கள ஆண்டர்சன் அதே பெஞ்சுல சேத்துக்கிட்டது, அதுக்காக ஒரு கூட்டம் பசங்கள நிறுத்திட்டாங்க, அவரு அசையல. ரெண்டாவது 1841ல மூணு பசங்க ஞானஸ்நானம் வாங்கினது. ஊரே கொந்தளிச்சிடுச்சு, ஸ்கூல் காலி ஆயிடுச்சுன்னே சொல்லலாம். இதுல எது பெரிய கோவம்னு கேட்டா, மதம் மாறினது தான்னு புத்தகங்கள்ல எழுதிடுவாங்க, எனக்கென்னவோ பெஞ்சு விஷயமும் அதுக்கு சமமா உறுத்தியிருக்கும்னு தான் தோணுது.

இதே சமயத்துல இன்னொரு பக்கம் ஜார்ஜ் நார்ட்டன்னு ஒருத்தரு, அரசாங்கத்தோட அட்வகேட் ஜெனரல். இவர் பேரு சென்னைல யாருக்கும் தெரியாது, ஆனா ரெண்டு பெரிய காலேஜுக்கு இவரு காரணம். 1839 நவம்பர்ல 70,000 பேர் கையெழுத்து போட்ட ஒரு மனுவ கவர்னர் எல்பின்ஸ்டன் கிட்ட குடுத்தாங்க, எங்களுக்கு மேல்படிப்புக்கு ஒரு அரசு நிறுவனம் வேணும்னு. அதுக்கு முன்னாடி நின்னவரு நார்ட்டன். 70,000 கையெழுத்து, 1839ல, போனா இல்ல பஸ்ஸா இல்ல, யோசிச்சுப் பாருங்க. வெள்ளைக்காரன் குடுத்தான்னு சொல்றவங்க கிட்ட நான் முதல்ல இத தான் சொல்வேன், கேட்டு வாங்கினது சார் இது.

அதுலருந்து வந்தது தான் பிரசிடென்சி. 1840 அக்டோபர்ல எழும்பூர்ல ஒரு வீட்டுல ப்ரிபரேட்டரி ஸ்கூலா ஆரம்பிச்சாங்க, கேம்பிரிட்ஜ்ல கணக்கு படிச்ச பவல்னு ஒரு இளைஞர ஹெட்மாஸ்டரா கூட்டிட்டு வந்தாங்க, அடுத்த வருஷமே பிராட்வேக்கு வந்து ஹைஸ்கூல் ஆச்சு, 1855ல தான் பிரசிடென்சி காலேஜ்னு பேரு. பவல் கிட்ட படிச்சவங்க லிஸ்ட்ட பாத்தா சிரிப்பு வரும், மாதவ ராவ் திருவிதாங்கூர் திவான், ரங்காசார்லு மைசூர் திவான், சேஷையா சாஸ்திரி புதுக்கோட்டை திவான். ஒரே வாத்தியார் கிட்ட இத்தன திவான். அப்புறம் முத்துசாமி ஐயர், கிராமக் கணக்குப்பிள்ளை கிட்ட மாசம் 1 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்து வேலை பாத்த ஏழைப் பையன், மெட்ராஸ் ஹைகோர்ட்டோட முதல் இந்திய ஜட்ஜ் ஆனவரு. தெரு விளக்குல படிச்சாருன்னு நமக்கு ஸ்கூல்ல சொன்ன கதை இவரோடது தான்.

நார்ட்டனோட ரெண்டாவது வேலை பச்சையப்பன். பச்சையப்ப முதலியார் கதை சினிமாவா எடுக்கலாம். பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பா இல்ல, பெரியபாளையத்துல வறுமைல வளர்ந்து, சென்னைல துபாஷ் வேலை கத்துக்கிட்டு, அதாவது வெள்ளைக்காரங்களுக்கும் உள்ளூர் வியாபாரத்துக்கும் நடுவுல நிக்கற ஏஜென்ட் மாதிரி, தஞ்சாவூர் வரைக்கும் கொடுக்கல் வாங்கல் வெச்சு பெரும் பணக்காரராகி, 40 வயசுல 1794ல திருவையாறுல இறந்துட்டாரு. இறக்கறதுக்கு சில நாள் முன்னாடி கும்பகோணத்துல உயில் எழுதினாரு, சொத்து எல்லாம் கோயில் தர்மத்துக்குன்னு. காலேஜ் பத்தி ஒரு வார்த்தை அதுல கெடையாது! அப்புறம் நடந்தது நம்ம ஊர் சொத்து வழக்கு எல்லாத்துக்கும் நடக்கறது தான், சொந்தக்காரங்களும் பொறுப்புல இருந்தவங்களும் இழுத்துக்கிட்டு கோர்ட்டு கோர்ட்டா நாற்பது வருஷத்துக்கு மேல. நார்ட்டன் தான் அத பிடிச்சு சுப்ரீம் கோர்ட்ல போராடி, அப்ப மெட்ராஸ்லயே சுப்ரீம் கோர்ட்னு ஒன்னு இருந்துச்சு, கோயில் கட்டளைக்கு ஒதுக்கினது போக மிச்ச பணத்துல பள்ளிக்கூடம் நடத்தலாம்னு தீர்ப்பு வர வெச்சாரு.

1842 ஜனவரி 1 அன்னிக்கு பச்சையப்பன் ஸ்கூல் தொறந்தாங்க. தேதிய கவனிங்க, ஆண்டர்சன் ஸ்கூல்ல அந்த ஞானஸ்நான கலாட்டா நடந்தது 1841. பைபிள் இல்லாம இங்கிலீஷ் வேணும்னு தவிச்ச குடும்பங்களுக்கு சரியான நேரத்துல வந்த கதவு. எஸ்பிளனேடுல பச்சையப்பன் ஹால் கட்டினாங்க, 1850ல தொறந்தது, ஏதென்ஸ்ல இருக்குற தீசியஸ் கோயில பாத்து டிசைன் பண்ணது. இந்துக்களுக்காக ஆரம்பிச்ச ஸ்கூல், கோயிலுக்கு எழுதி வெச்ச பணம், கட்டடம் கிரேக்கக் கோயில். இத நெனச்சு நெனச்சு நான் ரசிச்சிருக்கேன். இன்னிக்கும் அந்த தூணுங்க நிக்குது, பூக்கடை பக்கம் போறப்ப மேல நிமிர்ந்து பாத்தா தெரியும், கீழ மட்டத்துல பாத்தா வெறும் கடை தான் தெரியும். இன்னொரு விஷயமும் சொல்லணும், சொல்லாம விட்டா நியாயம் இல்ல, பச்சையப்பன்ல 1947 வரைக்கும் இந்து இல்லாதவங்கள சேக்கல. நூறு வருஷத்துக்கு மேல.

நீலம் வியாபாரி கஜுலு லட்சுமிநரசு செட்டி 1844ல கிரசென்ட்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு, மிஷனரிகளுக்கு அரசாங்கம் சலுகை காட்டுதுன்னு விடாம எழுதினதும் இதே சூட்டுல தான். மெட்ராஸ்ல பொது அரசியல்னு நாம சொல்றதோட முதல் பாடம் ஸ்கூல் சண்டைலருந்து வந்துச்சுங்கறது என் கணிப்பு.

இப்ப யுனிவர்சிட்டி. 1857 செப்டம்பர் 5, மெட்ராஸ் யுனிவர்சிட்டி சட்டம். வடக்க கலகம் கொழுந்துவிட்டு எரியுது, டெல்லி இன்னும் திரும்ப பிடிக்கல, அந்த வருஷத்துல தான் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்னு மூணு யுனிவர்சிட்டிக்கும் சட்டம் போட்டிருக்காங்க. லண்டன் யுனிவர்சிட்டி மாடல், அதாவது பாடம் நடத்தாது, பரீட்சை மட்டும் வைக்கும், டிகிரி குடுக்கும். நம்ம ஊர்ல படிப்புன்னா பரீட்சைன்னு ஆனதுக்கு நெறைய காரணம் சொல்றாங்க, யுனிவர்சிட்டியே ஒரு பரீட்சை ஆபீசா பொறந்த ஊர்ல வேற எப்படி இருக்கும்.

அதோட முதல் ரெண்டு பி.ஏ. பட்டதாரிங்க யாரு தெரியுமா, யாழ்ப்பாணத்துக்காரங்க. கரோல் விசுவநாத பிள்ளையும் சி.வை. தாமோதரம் பிள்ளையும். ரெண்டு பேருமே வட்டுக்கோட்டை செமினரி ஆளுங்க, அமெரிக்க மிஷனரிங்க 1823ல அங்க ஆரம்பிச்ச பள்ளி அது, மெட்ராஸ்ல இந்த கலாட்டா எல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அங்க கணக்கும் வானியலும் நடத்திட்டு இருந்தாங்க. மெட்ராஸ் பெருமைய மெட்ராஸ்காரங்க பேசறப்ப இத வசதியா மறந்துடுவாங்க. தாமோதரம் பிள்ளை அதோட நிக்கல, தொல்காப்பியம் சொல்லதிகாரம், கலித்தொகைன்னு ஏட்டுலருந்து அச்சுக்கு கொண்டுவந்த முன்னோடி. இங்கிலீஷ் டிகிரி வாங்கின முதல் ஆளே பழந்தமிழ் பதிப்புக்கு போயிருக்காரு, மெக்காலேவோட இங்கிலீஷ் படிப்பு தான் நம்மள கெடுத்துச்சுன்னு ஃபார்வர்ட் போடறவங்க இத எந்தக் கணக்குல சேப்பாங்கன்னு தெரியல.

கட்டடங்கள் பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க, நான் வேகமா போயிடறேன். ராபர்ட் சிஸம்னு ஒரு ஆர்க்கிடெக்ட், டிசைன் போட்டில ஜெயிச்சு பிரசிடென்சி காலேஜையும் செனட் ஹவுஸையும் கட்டினாரு. பிரசிடென்சி புது கட்டடம் 1870 மார்ச்ல தொறந்தாங்க, செனட் ஹவுஸ் அந்த பத்து வருஷத்துக்குள்ள வந்துச்சு. பக்கத்துல நவாபோட சேப்பாக்கம் அரண்மனை, அத பாத்து தான் சிஸத்துக்கு அந்த குவிமாடம் மினார் ஸ்டைல் எல்லாம் வந்துச்சுன்னு சொல்வாங்க. படிப்பு ஏரியா பாரிஸ் கார்னர்லருந்து கடற்கரைக்கு நகர்ந்தது இப்படி தான். சட்டக் கல்லூரி மட்டும் ஹைகோர்ட்ட விட்டு நகரல, 1891ல ஆரம்பிச்சு 1899ல ஹென்றி இர்வின் கட்டின செவப்பு கட்டடத்துக்கு வந்துச்சு, அங்கருந்து ஊருக்கு வெளிய புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் அனுப்பினது 2018ல.

பரீட்சை ஆபீஸ்னு சொன்னேன் இல்ல, அதுல மாட்டினவரு ராமானுஜன். கும்பகோணத்துல ஸ்காலர்ஷிப் போச்சு, சென்னைக்கு வந்து பச்சையப்பன்ல சேந்தாரு, எஃப்.ஏ. பரீட்சைல, அதாவது பி.ஏ.வுக்கு முந்தின பரீட்சைல, கணக்கு தவிர மத்த எதுலயும் தேறல. டிகிரி இல்ல. போர்ட் டிரஸ்ட்ல மாசம் 30 ரூபாய்க்கு கிளார்க். கேம்பிரிட்ஜ் கணக்கு மேதை ஹார்டிக்கு லெட்டர் போட்டு பதில் வந்தப்புறம், 1913ல அதே யுனிவர்சிட்டி அவருக்கு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்துச்சு, எம்.ஏ. இல்லாதவருக்கு விதிய வளைச்சு. யுனிவர்சிட்டிய திட்டறதா பாராட்டறதான்னே தெரியாது. ஆனா விதிய வளைக்க நாலு பேர் மனசு வெச்சாங்களே, அதுக்காகவாவது பாராட்டிடலாம்.

தமிழுக்கு இந்த காலேஜுங்கள்ல என்ன மரியாதைன்னு கேட்டீங்கன்னா, சம்பளத்துலயும் மதிப்புலயும் ரொம்ப நாள் இங்கிலீஷ் வாத்தியாருக்கு கீழ தான். ஆனாலும் வந்து உக்காந்தவங்க யாருன்னு பாருங்க. உ.வே.சா. 1903லருந்து 1919 வரைக்கும் பிரசிடென்சில தமிழ் பண்டிதர். கிறிஸ்டியன் காலேஜ்ல பரிதிமாற் கலைஞர், பிரின்சிபால் மில்லர் தத்துவத்துறைல வேலை குடுக்கறேன்னு சொல்லியும் தமிழ் தான் வேணும்னு வாங்கிக்கிட்டாருன்னு சொல்வாங்க, பாடத்திட்டத்துலருந்து தமிழ எடுக்கப் பாத்தப்ப எதிர்த்து நின்னவரு, 33 வயசுல 1903ல போயிட்டாரு. யுனிவர்சிட்டி தமிழ் லெக்சிகன் வேலை 1913ல ஆரம்பிச்சு 1930கள் வரைக்கும் ஓடுச்சு, வையாபுரிப் பிள்ளை தலைல முடிஞ்சது, லட்சத்துக்கு மேல சொல்லு.

அடுத்து பொண்ணுங்க. இதுல சென்னைக்கு நெஜமாவே ஒரு பெருமை இருக்கு. மெடிக்கல் காலேஜும் ஆரம்பத்துல ஆள் எடுக்கற வேலை தான், 1835ல ஆஸ்பத்திரிக்கும் பட்டாளத்துக்கும் உதவியாளருங்கள தயார் பண்ண ஒரு மெடிக்கல் ஸ்கூல், 1850ல காலேஜ். 1875ல மேரி ஷார்லீப்னு சென்னைல இருந்த ஒரு பாரிஸ்டரோட மனைவியையும் இன்னும் மூணு பொண்ணுங்களையும் அங்க சேத்துக்கிட்டாங்க. அதுக்கு 5 வருஷம் முன்னாடி எடின்பரோவுல பொண்ணுங்க மெடிக்கல் பரீட்சைக்கு போனப்ப ஆம்பள மாணவர்கள் கேட்ட சாத்தி சேத்த எறிஞ்சு கலாட்டா பண்ணிட்டு இருந்தாங்க. ஷார்லீப் இங்க படிச்சுட்டு அப்புறம் லண்டன் போயி பட்டம் வாங்கிட்டு திரும்பி வந்து, 1885ல ஆரம்பிச்சது தான் பின்னாடி திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. கல்கத்தாவுல சீட் குடுக்க மாட்டேன்னதால அங்கருந்து அபலா தாஸ் இங்க வந்து படிச்சாங்க, ஜகதீஷ் சந்திர போஸோட மனைவின்னு தான் அவங்கள நமக்கு தெரியும். முத்துலட்சுமி ரெட்டி 1907ல சேந்து 1912ல டாக்டரா வெளிய வந்தாங்க, புதுக்கோட்டை மகாராஜா காலேஜ்ல ஆம்பள பசங்களோட படிக்கறதுக்கே பெரிய சண்டை போட வேண்டியிருந்துச்சு அவங்களுக்கு.

பெண்களுக்குன்னே அரசு காலேஜ் வர 1914 ஆயிடுச்சு. கடற்கரை ரோட்டுல கேப்பர் ஹவுஸ்னு ஒரு பழைய ஹோட்டல் கட்டடத்துல 37 மாணவிகளோட, டோரதி டி லா ஹே பிரின்சிபாலா ஆரம்பிச்சாங்க, 1917ல குயின் மேரீஸ்னு பேரு மாறுச்சு. 2003ல அந்த எடத்துல புது தலைமைச் செயலகம் கட்டப் போறோம்னு அரசாங்கம் அறிவிச்சப்ப மாணவிகள் காம்பஸ விட்டு நகர மாட்டோம்னு உக்காந்துட்டாங்க, காலேஜ் தப்பிச்சுது. கேப்பர் ஹவுஸ் தான் இப்ப இல்ல.

கிண்டிக்கு பொண்ணுங்க போக இன்னும் நாளாச்சு. லலிதான்னு ஒரு பொண்ணு, 18 வயசுல கைக்குழந்தையோட விதவை, அப்பா அதே காலேஜ்ல எலக்ட்ரிகல் புரொஃபசர், அவரு போயி பிரின்சிபால் சாக்கோ கிட்ட பேசி சேத்தாரு. தனியா இருக்கக் கூடாதுன்னு லீலாம்மா ஜார்ஜ், தெரேசியான்னு இன்னும் ரெண்டு பேரும் சேந்தாங்க. 1940கள்ல டிகிரி முடிச்சாங்க. லலிதா பின்னாடி பக்ரா நங்கல் அணைக்கான மின்சார வேலைல எல்லாம் இருந்திருக்காங்க. 1794ல 8 அனாதைப் பசங்களோட ஆரம்பிச்ச எடத்துல பொண்ணு வர கிட்டத்தட்ட 150 வருஷம்.

சாதி கணக்குக்கு வருவோம், இதத் தொடாம சென்னை காலேஜ் வரலாறு எழுதினா அது டூரிஸ்ட் கைடு தான். மாகாண மக்கள்தொகைல பிராமணர்கள் 3 சதவீதம் கிட்ட, ஆனா 1910கள்ல யுனிவர்சிட்டி பட்டதாரிகள்ல அவங்க தான் பெரும்பான்மை. அரசு வேலைக்கு டிகிரி வேணும், டிகிரிக்கு பட்டணத்துல தங்கணும், தங்கறதுக்கு சாப்பாட்டுக்கு எங்க போறது? அப்ப சாப்பாட்டுக் கடையிலயும் சாதி, விடுதிலயும் சாதி. டாக்டர் நடேச முதலியார் 1916ல திருவல்லிக்கேணில திராவிடர் இல்லம்னு ஒரு ஹாஸ்டல் ஆரம்பிச்சாரு, பிராமணர் அல்லாத மாணவர்கள் தங்கிப் படிக்க. நீதிக்கட்சி கதைய மேடை, மாநாடு, அறிக்கைன்னு சொல்வாங்க, எனக்கு அது அந்த ஹாஸ்டல் சாப்பாட்டுலருந்து ஆரம்பிக்குது. காலேஜுங்க இருந்தா மட்டும் போதாது, ராத்திரி படுக்க பாயும் ரெண்டு வேளை சோறும் இருந்தா தான் காலேஜுன்னு புரிஞ்ச மனுஷன் அவரு. அப்புறம் நீதிக்கட்சி ஆட்சி, காலேஜ் அட்மிஷனுக்கு கமிட்டி, சாதி மதம் வாரியா இடம் ஒதுக்கற வகுப்புவாரி அரசாணைன்னு போச்சு.

நடுவுல 1925ல லயோலா வந்துச்சு, ஃபாதர் பெர்ட்ரம் ஆரம்பிச்சது. இடம் பத்தலன்னு பழையவங்க எல்லாம் எஸ்பிளனேட விட்டு கெளம்பினாங்க. கிறிஸ்டியன் காலேஜ் 1937ல தாம்பரத்துக்கு போச்சு, சேலையூர் காட்டுல 350 ஏக்கருக்கு மேல, பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931லயே ஓட ஆரம்பிச்சிருந்ததால சமாளிக்க முடிஞ்சது. பச்சையப்பன் 1940ல சேத்துப்பட்டு. ஸ்டெல்லா மாரிஸ் சரியா 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு சாந்தோம்ல தொறந்தாங்க, அதனால அத காலனி கால காலேஜ்னு சொல்லலாமா கூடாதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

ஆனா இந்த கதை 1947ல முடியல. வகுப்புவாரி ஆணைப்படி மெடிக்கல், என்ஜினியரிங் சீட்ட 14, 14ஆ பிரிப்பாங்க. ஒவ்வொரு 14லயும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அரசியல் சட்டம் வந்த ஒடனே 1950ல செண்பகம் துரைராஜன் மெடிக்கல் சீட்டுக்காகவும் சி.ஆர். சீனிவாசன் கிண்டி என்ஜினியரிங் சீட்டுக்காகவும் கேஸ் போட்டாங்க. சீனிவாசனுக்கு வாதாடினது அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சட்டம் எழுதின கமிட்டிலயே இருந்தவரு! ஹைகோர்ட்ல ஜெயிச்சாங்க, 1951 ஏப்ரல்ல டெல்லி சுப்ரீம் கோர்ட்லயும் ஜெயிச்சாங்க, அரசாணை செல்லாதுன்னு ஆயிடுச்சு. தமிழ்நாடு முழுக்க போராட்டம், பெரியார் தெருவுல இறங்கிட்டாரு. ரெண்டே மாசத்துல, ஜூன்ல, அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் வந்துச்சு, அதுல பேச்சுரிமை, ஜமீன் ஒழிப்புன்னு வேற விஷயங்களும் இருக்கு, ஆனா 15(4) வந்தது இந்த கேஸால தான். பின்தங்கினவங்களுக்கு அரசு தனியா ஏற்பாடு பண்ணலாம்னு சொல்ற பிரிவு. ஆஸ்பத்திரி உதவியாளருக்காக ஆரம்பிச்ச ஒரு ஸ்கூல், நிலம் அளக்க 8 பசங்கள வெச்சு ஆரம்பிச்ச இன்னொரு ஸ்கூல், அந்த ரெண்டு எடத்து சீட்டுக்காக தான் நாட்டோட அரசியல் சட்டத்தயே திருத்த வேண்டி வந்துச்சு.

அந்த தீர்ப்பும் அதுக்கப்புறம் பார்லிமெண்ட்ல நடந்த விவாதமும் தனியா ஒரு பதிவுக்கு ஆகும், நேரம் கெடைச்சா எழுதறேன்.